பால் தளும்பாத இறக்கம்

பாசிர் ரிஸ்ஸில் மலை இல்லை. கடற்கரை இருக்கிறது, சதுப்புநிலக் காடு இருக்கிறது, கரையோரம் காற்றில் சலசலக்கும் சவுக்கு மரங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு ரயில் பாதை 1989ஆம் ஆண்டு முதல் வந்து முடிகிற கடைசி நிலையமும் அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்குப் போகும் வழியில் ஏற்ற இறக்கம் என்று சொல்ல, சாலைக்கு மேலே போகும் ஒரு நடைமேம்பாலம் மட்டுமே உண்டு. ஒரு நாள் மாலை அந்தப் பாலத்தின் மேற்படியில் என் அம்மா நின்றுவிட்டார். ஏறியாயிற்று. இறங்க மறுத்துவிட்டார்.

"ஏறுறப்ப ஒண்ணும் தெரியல ஐயா. இறங்கத்தான் பயமா இருக்கு. முட்டி பிடி குடுக்க மாட்டேங்குது" என்றார்.

அம்மாவுக்கு வயது 66. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, அப்பாவும் காலமான பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். அன்று எப்படியோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாரே தவிர, மறுநாளிலிருந்து பூங்காவுக்குப் போவதையே விட்டுவிட்டார். முட்டியில் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான், நன்றாக நடக்கலாம், நடக்காமல் உட்கார்ந்துவிடுவதுதான் கெடுதல் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அம்மாவின் உலகம் லிப்டுக்கும் பாசாருக்கும் இடையே சுருங்கிப் போயிற்று.

அப்படி இருந்தவர் அடுத்த பள்ளி விடுமுறையில் சுமத்ராவில் ஒரு மலையிலிருந்து இறங்கினார். சுமார் 700 மீட்டர் இறக்கம். நம்முடைய பன்னிரண்டு மாடி வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இருபது அடுக்கினால் வருகிற உயரம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா மேடே 163 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஏரிக்குள் ஒரு சிங்கப்பூர்

நாங்கள் போனது தோபா ஏரிக்கு. மேடான் நகரத்தில் இறங்கி, காரில் நான்கைந்து மணி நேரம் தெற்கே போனால் பராபாட் என்ற ஏரிக்கரை ஊர். அங்கிருந்து படகில் சமோசிர் தீவு.

மேடான் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1863இல் டச்சுக்காரர்கள் டெலி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டம் தொடங்கிய பிறகு, சீனரோடும் ஜாவானியரோடும் தமிழரும் அங்கே கொண்டுபோகப்பட்டனர். ரோடு போடவும் மாட்டுவண்டி ஓட்டவும் நம்மவரைத்தான் வைத்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதி இன்று கம்போங் மெட்ராஸ் எனப்படுகிறது. அங்கே 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நாங்கள் மலைக்குப் புறப்பட்டோம்.

தோபா ஏரியை முதலில் பார்ப்பவர்கள் கடல் என்றுதான் நினைப்பார்கள். நூறு கிலோமீட்டர் நீளம், முப்பது கிலோமீட்டர் அகலம், ஆழம் சுமார் 500 மீட்டர். அந்தத் தண்ணீர் நிற்பதே கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. இத்தனை பெரிய பள்ளத்தைத் தோண்டியது யார்? எரிமலைதான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு மாபெரும் எரிமலை வெடித்தது. சென்ற இருபது லட்சம் ஆண்டுகளில் உலகம் கண்ட மிகப் பெரிய வெடிப்பு அதுவே என்கிறார்கள். உள்ளே இருந்த நெருப்புக் குழம்பும் சாம்பலும் வெளியே போனதும், மேலே இருந்த நிலம் அப்படியே உள்வாங்கிவிட்டது. பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாயிற்று.

அந்தச் சாம்பல் எங்கெல்லாம் விழுந்தது தெரியுமா? பேராக் மாநிலத்தில் இருக்கும் வாசகர்கள் லெங்கோங் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் ஆதிமனிதர் கற்கருவி செய்த பட்டறையைத் தோண்டி எடுத்தபோது, அதை மூடியிருந்தது தோபாவின் சாம்பல். கடல் தாண்டி ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் அதே சாம்பல் படிந்து கிடக்கிறது.

சமோசிர் தீவு அதற்குப் பிறகு வந்தது. வெடித்த எரிமலையின் அடியில் நெருப்புக் குழம்பு மறுபடியும் ஊற ஊற, ஏரியின் தரை மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டது. வேகும்போது மேலெழும்பும் ஆப்பத்தின் நடுப்பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சமோசிரின் உச்சியில் நீங்கள் மிதிக்கும் மண் ஒரு காலத்தில் ஏரிக்கடியில் படிந்த வண்டல். பரப்பில் இத்தீவு சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் சிறியது. மேற்கே பங்குருரான் என்ற ஊரில் ஒரு குறுகலான நிலம் அதைக் கரையோடு சேர்த்திருந்தது. டச்சுக்காரர் காலத்தில் அங்கே கால்வாய் வெட்டியதால் முழுத் தீவாகிவிட்டது. எதிரே நிற்கும் பூசுக் பூகிட் என்ற எரிமலையைப் பாத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை தோன்றிய இடமாக வணங்குகிறார்கள்.

ஏறுவதற்கு வேன், இறங்குவதற்குக் கால்

சமோசிரின் கிழக்குக் கரையில் தூக்தூக் என்ற இடத்தில் தங்கினோம். தீவின் நடுவே உயரமான மேட்டு நிலம் இருக்கிறது. மேற்குப் பக்கம் அது மெதுவாகச் சரிகிறது. கிழக்குப் பக்கம் செங்குத்தாக ஏரியில் விழுகிறது. திடகாத்திரமான பயணிகள் கிழக்கே அம்பாரித்தாவிலிருந்து ஏறி, மேலே ஓர் இரவு தங்கி, மேற்கே போவார்கள். எங்களைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கரையோரமாக வேனில் சுற்றிப் பங்குருரானுக்குப் போய், மேற்கிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறிவிடுவது. அங்கே பைன் காட்டில் இறங்கிக்கொண்டு, கிழக்கே அம்பாரித்தா வரை நடந்தே இறங்குவது.

நானும் பதினான்கு வயது மகளும் வழிகாட்டியாக வந்த பாத்தாக் இளைஞனும் நடப்பது, அம்மாவும் என் மனைவியும் வேனிலேயே சுற்றி வந்து அம்பாரித்தாவில் எங்களுக்காகக் காத்திருப்பது என்று ஏற்பாடு. 'இறங்குவதுதானே, பூங்காவில் நடப்பது மாதிரி இருக்கும்' என்று நான் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மேட்டு நிலத்தில் நல்ல குளிர். அம்மா ஸ்வெட்டருக்கு மேல் துண்டையும் போர்த்திக்கொண்டார். வழியில் சிடிஹோனி என்ற சிறிய ஏரியைப் பார்த்தோம். சுமத்ரா ஒரு தீவு. அதற்குள் தோபா ஏரி. அதற்குள் சமோசிர் தீவு. அதற்குள் இந்த ஏரி. கரையில் எருமைகள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. "அந்த ஏரிக்குள்ளயும் ஒரு தீவு இருக்கா, பாரு" என்று அம்மா பேத்தியைச் சீண்டினார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

கெத்தா

வேன் நின்ற இடத்தில் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. காற்று அவற்றில் புகுந்து வரும்போது தூரத்தில் கடல் இரைவது போன்ற ஓசை. "பாட்டி, பாசிர் ரிஸ் மரம்!" என்று மகள் கத்தினாள்.

இந்தத் தவற்றைப் பலரும் செய்வதுண்டு. நம் கடற்கரைச் சவுக்கு பார்வைக்குப் பைன் மாதிரிதான் இருக்கும். ஆனால் சவுக்கின் 'ஊசி' உண்மையில் இலை அல்ல. அது கணுக்கணுவாக உள்ள மெல்லிய கிளை. இழுத்தால் கணுவில் கழன்று வந்துவிடும். பைனின் ஊசிதான் உண்மையான இலை. சுமத்ராப் பைனில் ஒரு காம்புக்கு இரண்டு ஊசிகள், சாண் நீளத்தில், கணவன் மனைவி போல் சேர்ந்தே இருக்கும், உதிரும்போதும் சேர்ந்தே உதிரும். பைன் என்றாலே பனி நாட்டு மரம் என்று நமக்கு எண்ணம். இந்த வகையோ சுமத்ராவின் சொந்த மரம். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வளர்ந்திருக்கும் பைன் இது ஒன்றுதான். மொட்டையாகிப்போன மலைகளை மூட இதையே வரிசையாக நட்டுக் காடாக்கியும் இருக்கிறார்கள்.

அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கதவைத் திறந்து இறங்கி ஒரு மரத்தடிக்குப் போனார். அந்த மரத்தில் பட்டை உரிக்கப்பட்டு, நான்கு விரல் அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. அதன் அடியில் ஒரு கொட்டாங்கச்சி. அதற்குள் வெள்ளையாக, தேன் பதத்தில் ஏதோ தேங்கி நின்றது.

"இது என்னா?" என்று வழிகாட்டியை மலாயில் கேட்டார். மேடானில் இறங்கியதிலிருந்து எங்களுக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர் அம்மாதான். தோட்டத்து மலாய் இந்தோனேசியாவில் தாராளமாகச் செல்லுபடியாகிறது.

"கெத்தா" என்றான் அந்தப் பையன்.

தோட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்மரத்துப் பாலுக்கும் கெத்தா, இந்தப் பைன் பிசினுக்கும் கெத்தா. அந்த ஒரு சொல்லில் அம்மாவின் முகம் மாறியது. முப்பது ஆண்டு சோறு போட்ட சொல் அல்லவா?

பிறகு இருவரும் தொழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பால்மரத்தில் கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கட்டையில் கத்தி பட்டுவிடக் கூடாது. பைனில் எல்லாம் நேர்மாறு. தரைக்குச் சற்று மேலே வெட்டத் தொடங்கி, சில நாளைக்கொரு முறை புதிதாக வெட்டி, காயத்தை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கத்தி கட்டைக்குள்ளேயே போகிறது. ரப்பர் பால் ஓடுவது பட்டையில். பைன் பிசின் ஓடும் குழாய்களோ கட்டைக்குள்ளும் இருக்கின்றன. அதனால் அப்படி. ரப்பர் பால் அன்றன்றைக்கே எடுக்க வேண்டும். பிசின் நாள் கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அம்மா காயத்தை விரலால் தடவிப் பார்த்தார். "எங்க மண்டோர் இதைப் பார்த்திருந்தா அரைநாள் சம்பளத்தை வெட்டியிருப்பான்" என்றார். பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு மரம் மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு, வெட்டின இடத்திலேயே காற்றில் முறிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எந்த மரமா இருந்தாலும் அது நிக்கிற அளவுக்கு விட்டுட்டுத்தான் எடுக்கணும்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் வேன்ல வரல. நடந்து வர்றேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, முழுக்க இறக்கம். வேன் போய்விட்டால் நடுவில் திரும்ப முடியாது. பாலத்துப் படியே உங்களால் முடியவில்லை."

"அது சிமெண்டுப் படி. படி அதும் உயரத்துக்கு நம்மள இறக்கும். மண்ணுன்னா நம்ம உயரத்துக்கு நாம இறங்கிக்கலாம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலங்களையும் தண்ணீர்ப் போத்தல்களையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். வேன் போய்விட்டது.

இறங்கும் வித்தை

வாசகர்களே, ஏறுவது மூச்சுக்கு வேலை. இறங்குவது தசைக்கு வேலை. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் நம் உடம்பு முழுவதும் கீழே விழப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது முன்தொடைத் தசை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய வேலை அது. அதனால்தான் மறுநாள் தொடை அப்படி வலிக்கிறது. படி இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் நம் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். காலை நீட்டி விறைப்பாக வைத்தால் அவ்வளவும் மூட்டில் இடிக்கும். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, அடியைச் சிறிதாக வைத்தால் தசை வாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் நான் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. நீள நீளமாக எட்டு வைத்து நடந்தேன். பைன் காட்டின் தரை முழுவதும் உதிர்ந்த ஊசி, காய்ந்து பழுத்த நிறத்தில் மெத்தை மாதிரி இருந்தது. மெத்தை என்று நம்பிக் காலை வைத்தால் எண்ணெய் தடவின பலகை. பத்து நிமிடத்துக்குள் கால் வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்து நடந்து மறுபடியும் உட்கார்ந்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா விழவில்லை. பையன் வெட்டிக்கொடுத்த ஒரு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பாதத்தை நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, சரிவில் நேரே இறங்காமல் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து இறங்கினார். அடிகள் சின்னச் சின்னதாக இருந்தன. தலை மட்டும் ஆடவே இல்லை. வேறு யாரோ நடப்பது போல் எனக்குத் தோன்றியது. பாசிர் ரிஸ்ஸில் நான் பார்த்த அம்மா அவர் அல்ல.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று மகள் கேட்டாள். (அவளும் பாட்டியை அம்மா என்றுதான் பாதி நேரம் கூப்பிடுவாள்.)

"எங்க நிரை மேட்டுல இருந்துச்சு. பால் எடுத்துக்கிட்டு ஸ்டோருக்குக் கீழ வரணும். தோள்ல காண்டா, ரெண்டு பக்கமும் வாளி. ரெண்டும் நெறைஞ்சா நெல்லு மூட்டை கனம். விடியக்காலம் மழை பேஞ்சிருந்தா வழியெல்லாம் வழுக்கும். பால் தளும்பக் கூடாது. தளும்பினா அன்னைக்குச் சம்பளம் தளும்பிப் போச்சுன்னு அர்த்தம். தலை ஆடினா தோள் ஆடும். தோள் ஆடினா வாளி ஆடும். அவ்வளவுதான் விசயம்."

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும், அந்தப் பாத்தாக் பையன் உட்பட, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டவர்கள் போல் இறங்கினோம். நான் மறுபடி விழவில்லை.

சூடத்தின் ஊர்

நடுப்பகலில் ஒரு மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மா விரலில் ஒட்டியிருந்த பிசினை முகர்ந்து பார்த்துவிட்டு, "சூடம் வாசனை அடிக்குது" என்றார்.

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. பைன் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைன் எண்ணெய் கிடைக்கிறது. அந்த எண்ணெயிலுள்ள ஒரு பொருளைப் பல படிகளில் மாற்றித்தான், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைகளில் கற்பூரம் செய்கிறார்கள். இன்று நாம் சாமிக்குக் காட்டும் சூடத்தில் பெரும்பகுதி இவ்வாறு ஏதோ ஒரு நாட்டுப் பைன் மரத்துப் பிசினிலிருந்து பிறந்ததே.

ஆனால் அதற்கு முன்பே சுமத்ராவுக்கும் கற்பூரத்துக்கும் உறவு உண்டு. மளிகைக் கடையில் 'காப்பூர் பாருஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த பாருஸ் ஓர் ஊர். நாங்கள் உட்கார்ந்திருந்த மலைக்கு மேற்கே, மலைத் தொடரைத் தாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் வானுயர வளரும் வேறொரு மரத்தின் வயிரத்தில் இயற்கையாக விளைந்த கற்பூரத்துக்காக உலகத்து வணிகரெல்லாம் அங்கே வந்தார்கள். தமிழரும் வந்தனர். வெறுமனே வந்து போகவில்லை. பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் தமிழில் கல்வெட்டே வைத்தார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவின் கல்வெட்டு அது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. வடக்கே காரோ மலைநாட்டில் செம்பிரிங் என்னும் குலத்தின் கிளைகளுக்குச் சோழியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்று இன்றும் பெயர்கள் இருக்கின்றன. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர் என்ற பெயர்களின் சாயல் அவை என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். பாத்தாக் மக்களின் பழைய எழுத்தும் பல்லவ எழுத்தின் வழித்தோன்றலே.

இதையெல்லாம் நான் மகளுக்குப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கல்லுல வியாபாரி பேர் இருக்கு. மரம் ஏறி வெட்டினவன் பேரு இருக்கா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. புளிச்சோறு தீரும்வரை யாரும் பேசவில்லை.

தோளைக் கொடு

பைன் காடு முடிகிற இடத்தில் மேட்டு நிலமும் முடிகிறது. திடீரென்று காலுக்குக் கீழே முழு ஏரியும் விரிந்தது. நீல நிறத் தண்ணீர், எதிர்க்கரையில் சுவர் போல மலை, நடுவில் எறும்பு மாதிரி ஒரு படகு. அழகுதான். ஆனால் அந்த அழகுக்குள் போகும் பாதையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இதுவரை வந்தது சரிவு. இனிமேல் செங்குத்து. ஒரு முழ அகலத்தில் ஒற்றையடிப் பாதை, கல்லும் வேரும் மண்ணுமாக வளைந்து கீழே போயிற்று. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பாதி தூரம் வந்திருப்போம். ஓரிடத்தில் பழைய மழை பாதையைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பளவு ஆழத்தில் ஒரு வெட்டு. அதில் இறங்கி அந்தப் பக்கம் போக வேண்டும். வெளிப்பக்கம் பிடிமானம் இல்லை. பையன் இறங்கினான், மகள் இறங்கினாள், நான் இறங்கினேன். அம்மா மேலேயே நின்றுவிட்டார்.

பாலத்தின் மேல் நின்ற அதே நிலை. அதே முகம். கம்பை ஊன்றியிருந்த கை நடுங்கியதைப் பார்த்தேன். மேலே திரும்பினால் இரண்டு மணி நேரம். கீழேயும் ஏறக்குறைய அவ்வளவே. மழை வேறு. 'பெற்ற தாயை இப்படி நடுமலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே' என்று என் மனம் என்னை இடித்தது.

கையை நீட்டினேன். "கையைப் பிடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம். திரும்பி நில்லு. தோளைக் குடு" என்றார்.

முதுகைக் காட்டி நின்றேன். என் இரு தோளிலும் அவர் கை விழுந்தது. "பெலான் பெலான், ஓப்புங்" என்று பையன் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். ஓப்புங் என்றால் பாத்தாக் மொழியில் பாட்டி. ஒரு கால் இறங்கியது. நின்றது. பிறகு மறு கால். என் காதருகே அம்மாவின் மூச்சு கேட்டது.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் கையை எடுக்காமலே சொன்னார்: "தோட்டத்துல ஒரு தடவை இப்படித்தான் விழுந்தேன். உன்னை வயித்துல வச்சிருந்த சமயம். ரெண்டு வாளியும் போச்சு. உனக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் விழுந்ததே இல்ல."

நாற்பது ஆண்டில் இதை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை. நான் என்ன சொல்ல முடியும்? முன்னால் நடந்தேன். எங்கே பாதை சறுக்கியதோ அங்கே நின்று திரும்பிக்கொண்டேன்.

மழை எங்களை ஏமாற்றிவிட்டு எதிர்க்கரைக்குப் போயிற்று. சரிவு தணிந்து வயல்கள் வந்தன. வயல் நடுவே பாத்தாக் குடும்பங்கள் தம் முன்னோருக்குக் கட்டியிருக்கும் மாடி வைத்த கல்லறைகளும், படகைக் கவிழ்த்தாற்போல் கூரை வளைந்த வீடுகளும் தெரிந்தன. நான்கு மணி நேரம் என்று சொன்ன நடை, எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அம்பாரித்தாவில், பழைய காலத்து அரசர் வழக்குத் தீர்த்த கல் நாற்காலிகளைப் பார்க்க மக்கள் வந்துபோகும் இடத்துக்கு அருகே, என் மனைவி நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு தலைகளும் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தாளாம்.

நீங்களும் போவதானால்

அனுபவப்பட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள். காலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுங்கள். மலையில் பிற்பகலில் மழை வரும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். மேட்டு நிலத்தில் பாதைகள் பிரிந்துகொண்டே போகின்றன. கால் நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் சப்பாத்துக்குள் விரல் படும் பாடு சொல்லி மாளாது. சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். கையில் கம்பு அவசியம். வறண்ட மாதங்களில் பைன் ஊசிகள் எளிதில் தீப்பற்றும். நெருப்புக் குச்சி விஷயத்தில் கவனம் தேவை. படகில் ஏறினால் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி அணியுங்கள். 2018ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று இதே ஏரியில் ஆட்கள் மிகுதியாக ஏறிய படகு ஒன்று மூழ்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறக்க வேண்டாம். முட்டி வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடிந்த தூரம் மட்டும் நடந்து வேனில் திரும்பிவிடலாம். பைன் காடு வரை போய்வந்தாலே போதும்.

மறுநாள் என் தொடை இரண்டும் மரக்கட்டையாகி, கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அம்மாவுக்கும் முட்டி வீங்கித்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டோம். மலை இறங்கியதால் தேய்மானம் குணமாகிவிடவில்லை.

ஆனால் பாசிர் ரிஸ்ஸுக்கு வந்த அடுத்த வாரம், மாலையில் அவரே சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றார். நடைமேம்பாலத்தில் ஏறினோம். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். நான் அவருக்கு ஒரு படி கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு வேகமாகப் போனார்கள். போகட்டும் என்று விட்டோம். பூங்காவில் சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

உங்கள் வீட்டிலும் மேட்டு நிரையில் பால் சுமந்து இறங்கிய ஒருவர் இருக்கக்கூடும். தேயிலைக் கூடையோடு மலைச்சரிவில் நின்றவர் இருக்கக்கூடும். ஓய்வெடுக்கட்டும் என்று நாம் அவரை நாற்காலியில் உட்கார வைத்திருப்போம். ஒரு நாள் அவரை மண்ணுள்ள ஒரு சரிவுக்கு அழைத்துப் போய், எப்படி இறங்குவது என்று கேட்டுப் பாருங்கள். சொல்லித் தருவார். நீங்கள் தோளை மட்டும் கொடுங்கள்.